பட்டுக்கரையை வாழ்த்து அட்டையில் இறக்கலாம்... ஒரு அழிரப்பர் போதும்!

காஞ்சிபுரத்தில் 'அட்டை' என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது வாழ்த்து அட்டை அல்ல. தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியிலிருந்து மாலை மாலையாகத் தொங்குமே, துளை போட்ட அட்டை... அதுதான்.

புடவைக் கரையில் ஓர் அன்னப்பட்சி வந்து உட்கார வேண்டுமென்றால், முதலில் அதைக் கட்டம் போட்ட தாளில் வரைய வேண்டும். பிறகு வரிக்கு ஓர் அட்டை என்று துளையிட்டு, வரிசையாகக் கோத்து, தறியில் ஏற்ற வேண்டும். துளை இருக்கும் இடத்தில் இழை மேலே எழும். இல்லாத இடத்தில் கீழேயே கிடக்கும். பிரான்ஸின் லியோன் நகரத்தில் ஜோசப் மேரி ஜக்கார்டு 1804-ல் உருவாக்கிய முறை இது. அவருடைய உருவப்படத்தையே பின்னாளில் பட்டில் நெய்தார்கள். அதற்குச் செலவான அட்டைகள் சுமார் 24,000!

இதே ஊரில் இன்னொரு வகை அட்டையும் உண்டு. நகரத்தின் கிழக்கே, ஏனாத்தூர் பக்கம் போனால் பல்கலைக்கழகம், கலைக்கல்லூரி, மருத்துவக் கல்லூரி என்று வரிசையாக வரும். கூடவே விடுதிகள். எந்த ஊர்க் கல்லூரி விடுதியிலும் நடப்பதுதான்... ராத்திரி 12 மணிக்குக் கேக் வெட்டி, 12.05-க்கு ஸ்டேட்டஸ் போட்டு, மறுநாள் அந்த ஸ்டேட்டஸும் மறைந்துவிடும். ஆனால், நெருங்கிய தோழிக்கு என்று வரும்போது மட்டும் யாரோ ஒருத்தி சார்ட் பேப்பரை மடித்து, ஸ்கெட்ச் பேனாவும் கோந்துமாக உட்கார்ந்துவிடுகிறாள். நான்கு வருடம் கழித்து அறையைக் காலி செய்யும்போது, பழைய நோட்டுகள் எடைக்குப் போகும். அந்த அட்டை மட்டும் பெட்டிக்குள் போகும்.

கையால் அட்டை செய்வதும், அதில் அச்சு வைத்து அழகு பார்ப்பதும் உலகம் முழுக்க லட்சக்கணக்கானோருக்குப் பொழுதுபோக்கு. அதற்கு வெளிநாட்டு ரோஜாப்பூவையும் ஈஃபில் டவரையும் ஆன்லைனில் தேடி வாங்க வேண்டியதில்லை. காஞ்சிபுரத்து வீடுகளில் பீரோவைத் திறந்தாலே டிசைன் கிடைக்கும்.

பொங்கலுக்கு முன்பு ஒரு திருவிழா

நாற்பது வயதைத் தாண்டியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மார்கழி பிறந்ததுமே பஜாரில் பொங்கல் வாழ்த்து அட்டைக் கடைகள் முளைத்துவிடும். கயிறு கட்டி, அதில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். கரும்பும் பானையும் ஒரு வரிசை, சாமி படம் ஒரு வரிசை, எம்.ஜி.ஆர்., சிவாஜியில் தொடங்கி ரஜினி, கமல் வரை ஒரு வரிசை. பெரும்பாலும் சிவகாசி அச்சு. யாருக்கு எந்த நடிகரைப் பிடிக்கும் என்று யோசித்து வாங்குவதே ஒரு வேலை. ரஜினி ரசிகனுக்குக் கமல் படம் அனுப்பி வம்பிழுத்தவர்களும் உண்டு.

அப்புறம் எஸ்.எம்.எஸ். வந்தது. பண்டிகை நாளில் இலவச எஸ்.எம்.எஸ். கிடையாது என்று கம்பெனிகள் கறார் காட்டியதால், முதல் நாள் ராத்திரியே வாழ்த்து அனுப்பித் தீர்த்தோம். பிறகு வாட்ஸ்அப். இப்போது ஒரே பொங்கல் பானை படம் 40 குரூப்களிலிருந்து வந்து விழுகிறது. அனுப்புகிறவருக்கு ஒரு விநாடி. பெறுகிறவருக்கு அதை அழிக்க அரை விநாடி.

வாழ்த்து அட்டையின் கதையே ஒருவகையில் நேரமின்மையில் தொடங்கியதுதான். லண்டனில் ஹென்றி கோல் என்பவருக்கு கிறிஸ்துமஸுக்கு வந்து குவிந்த கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுத நேரமில்லை. 1843-ல் ஓவியர் ஜான் ஹார்ஸ்லியிடம் படம் வரையச் சொல்லி, அச்சடித்து அனுப்பினார். விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை அதுதான் என்பார்கள். 1949-ல் யுனிசெஃப் தன் முதல் அட்டைக்கு எடுத்துக்கொண்டது, செக்கோஸ்லோவாகியாவைச் சேர்ந்த ஜிட்கா என்ற 7 வயதுச் சிறுமி வரைந்த படத்தை. போருக்குப் பிறகு தன் ஊருக்குக் கிடைத்த உதவிக்கு நன்றி சொல்லி அவள் வரைந்தது அது. நம் நாட்டில் 1979-ல் ரிப்பன் கபூர் நண்பர்களோடு தொடங்கிய 'க்ரை' அமைப்பும் குழந்தைகளுக்காக நிதி திரட்டியது வாழ்த்து அட்டை விற்றுத்தான்.

மூலையில் மஞ்சள்

அச்சு வைப்பது நமக்குப் புதிதா என்ன? கல்யாணப் பத்திரிகை வந்ததும் பாட்டி முதலில் பார்ப்பது நான்கு மூலையிலும் மஞ்சள் இருக்கிறதா என்றுதான். குழைத்த மஞ்சளில் விரலைத் தொட்டு, மூலைக்கு ஒரு ஒற்று. விரலே முத்திரை. கோபி சந்தனத்தில் உடம்பில் தினமும் முத்திரை வைத்துக்கொள்ளும் மாத்வர்கள் இருக்கிறார்கள். கோலம் போட நேரமில்லாதவர்களுக்குக் கோல அச்சும் கோலக் குழலும் திருவிழாக் கடைகளில் கிடைக்கின்றன. பள்ளிக்கூட ஓவிய வகுப்பில் வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டிப் பூ அச்சு வைக்காதவர் யார்?

துணியில் மரக்கட்டை அச்சு வைப்பதிலும் தமிழ்நாட்டுக்குப் பெரிய பரம்பரை இருந்தது. தஞ்சை மராட்டிய அரண்மனைக்காக நெய்யப்பட்ட கோடாலிக்கருப்பூர் புடவையில் ஜரிகை நெசவு, மெழுகு, சாயம், மரக்கட்டை அச்சு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. அரண்மனை ஆதரவு போனதும் அதுவும் போயிற்று. இன்று அருங்காட்சியகங்களில்தான் பார்க்க முடியும்.

ரப்பர் ஸ்டாம்ப் இவற்றுக்கெல்லாம் ரொம்ப இளைய தம்பி. பென்சில் எழுத்தை அழிக்க இந்தப் பிசின் உதவும் என்று விஞ்ஞானி ஜோசப் பிரீஸ்ட்லி 1770-ல் குறித்துவைத்தார். ஆங்கிலத்தில் 'தேய்ப்பான்' என்ற பொருளில் 'ரப்பர்' என்ற பெயர் நின்றுபோனது அதனால்தான். ஆனால், அந்த ரப்பர் வெயிலில் ஒட்டும், குளிரில் உடையும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் உறுதியாகும் என்று சார்லஸ் குட்இயர் 1839-ல் கண்டுபிடித்து, 1844-ல் காப்புரிமை வாங்கினார். அதன் பிறகுதான் ரப்பரில் எழுத்து வார்க்கும் யோசனையே வந்தது. இன்று தாலுகா ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடையோடு ஒட்டியிருக்கும் ஸ்டாம்ப் கடைகளில், ஒளி பட்டால் இறுகும் பாலிமரிலும் லேசரிலும் வேலை முடிந்துவிடுகிறது. பெயர், பதவி மட்டும்தான் செய்வார்கள் என்றில்லை. வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் தெளிவாக வரைந்து கொடுத்தால் உங்கள் அன்னப்பட்சியையும் செய்து தருவார்கள். (அரசு முத்திரை மாதிரி விளையாட்டுக்குக்கூட எதையும் செய்யச் சொல்லாதீர்கள். அது வேறு மாதிரி விருந்தாளிகளை வீட்டுக்கு அழைத்து வரும்!)

அழிரப்பரைச் செதுக்கியே நாடறிந்தவரானவர் ஒருவர் உண்டு. ஜப்பானின் நான்சி செகி. டி.வி. பிரபலங்களின் முகங்களை அழிரப்பரில் செதுக்கி அச்சு வைத்து, பக்கத்திலேயே குத்தலான நான்கு பத்தி எழுதுவார். 1962-ல் பிறந்து 2002-லேயே மறைந்துவிட்ட அவருடைய பத்திகளுக்கு இன்றும் ரசிகர்கள் இருக்கிறார்கள். அந்த நாட்டில் புத்தாண்டுக்கு 'நெங்காஜோ' என்ற வாழ்த்து அட்டை அனுப்பும் வழக்கம் உண்டு. டிசம்பரில் போட்டாலும் சேர்த்துவைத்து, சரியாக ஜனவரி 1 அன்று தபால்காரர் கொண்டுவந்து கொடுப்பார். கிழங்கை வெட்டி அச்சு வைத்து அந்த அட்டையை வீட்டிலேயே செய்வதும் அங்கே பழைய பழக்கம்.

கரை, உடல், முந்தானை

சரி, காஞ்சிப் புடவையை எப்படி அட்டையில் இறக்குவது?

ஏ4 அளவில் கொஞ்சம் தடிமனான தாள் ஒன்று. 200-லிருந்து 250 ஜி.எஸ்.எம். இருந்தால் நல்லது. அதைப் பாதியாக வெட்டி, ஒரு பாதியை மடித்தால் ஓர் அட்டை. மடிக்கும் முன்பு ரீஃபில் தீர்ந்துபோன பால் பாயின்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து ஒரு கோடு அழுத்துங்கள். அந்தக் கோட்டில் மடித்தால் மடிப்பு உடையாமல், கடையில் வாங்கிய மாதிரி நிற்கும். கையால் செய்த காகிதம் வேண்டுமென்றால், புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் காகிதத் தொழிற்கூடம் 1959-லிருந்து இயங்குகிறது. அந்தக் காகிதம் மையைக் கொஞ்சம் இழுக்கும். அதனால் மெல்லிய கோடுகள் பரவிவிடும். பட்டையான உருவங்களுக்குத்தான் அது பொருத்தம்.

காஞ்சிப் புடவையின் உயிர் கோர்வையில் இருக்கிறது. கரைக்கு ஒரு நிறம், உடலுக்கு ஒரு நிறம். இரண்டையும் மூன்று நாடாக்கள் வைத்து, வரிக்கு வரி பின்னி இணைப்பார்கள். தறியில் இரண்டு பேர் உட்கார்ந்து செய்கிற வேலை. அட்டையில் அந்த வேலையை ஒரு முக்கோணம் செய்துவிடும். அழிரப்பரின் மூலையை நேராக வெட்டினாலே முக்கோண அச்சு தயார். மடிப்பு ஓரமாக ஒரு பட்டைக்கு அரக்கு நிறம் பூசி, அதன் விளிம்பில் அதே நிறத்தில் முக்கோணங்களை நெருக்கமாக வரிசை வைத்தால், உடலுக்குள் பல் பல்லாக இறங்கும் தாழம்பூ ரேக்கு வந்துவிடும்.

உடலுக்கு இன்னும் சுலபம். பென்சிலின் பின்னால் இருக்கும் குட்டி ரப்பரை மையில் தொட்டு வைத்தால் முத்து. அதையே கொஞ்சம் நீளவாக்கில் செதுக்கினால் மல்லிமொக்கு. பேனா மூடியின் வாயைத் தொட்டு வைத்தால் வளையம். அதற்குள் இரண்டு கோடு இழுத்தால் ருத்ராட்சம் சாயல் வரும். சதுரம் ஒன்று செதுக்கி, இரண்டு நிறங்களில் மாற்றி மாற்றி வைத்தால் 'பாலும் பழமும்' கட்டம். கை பழகிய பிறகு மயில்கண், வங்கி, யாளி என்று போகலாம். அன்னப்பட்சியைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் வால் பலரை அழவைத்துவிடும்.

இடைவெளி ஒரே மாதிரி வருவதுதான் கஷ்டம். அதற்கும் விடை வாசலிலேயே இருக்கிறது. புள்ளிக் கோலம் போடுகிறவர்களுக்கு ஊடுபுள்ளி, நேர்ப்புள்ளி தெரியும். பென்சிலால் மெலிதாகப் புள்ளி வைத்துக்கொண்டு, புள்ளிக்கு ஒரு புட்டா வைத்தால் போதும். மை காய்ந்த பிறகு புள்ளியை அழித்துவிடலாம். வீட்டில் அம்மாவோ பாட்டியோ இதை நம்மைவிட வேகமாகச் செய்வார்கள். பேரனும் பாட்டியும் சேர்ந்து உட்கார்ந்தால், வெட்டுகிற வேலையைப் பெரியவர்கள் வைத்துக்கொள்ளட்டும். பிளேடைக் குழந்தை கையில் கொடுக்க வேண்டாம்.

நிறம் தேர்ந்தெடுக்கப் புடவைக் கடை நினைப்பே போதும். மாம்பழ மஞ்சளுக்கு அரக்கு, கிளிப்பச்சைக்கு வாடாமல்லி, மயில் கழுத்துக்குக் கத்தரிப்பூ. எம்.எஸ்.சுப்புலட்சுமி பெயரில் ஒரு நீலமே இருக்கிற ஊர் இது. நான்கைந்து நிறம் சேர்த்துக் குழப்பாமல் இரண்டோடு நிறுத்தினால் அட்டை எடுப்பாக இருக்கும்.

இடம் வலமாகும்... 'ழ' என்னாகும்?

முதன்முதலில் பெயர் செதுக்குகிறவர்கள் எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு. அச்சில் இடம் வலமாக மாறும். அரை மணி நேரம் மூச்சைப் பிடித்து 'வாழ்த்துகள்' என்று செதுக்கி, ஆசையாக ஒற்றி எடுத்துப் பார்த்தால் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இருக்கும். இதற்கு ஒரு குறுக்கு வழி: டிரேசிங் பேப்பரில் மென்மையான பென்சிலால் நேராகவே எழுதுங்கள். அதை அழிரப்பர் மீது கவிழ்த்துப் போட்டு, நகத்தால் தேயுங்கள். எழுத்து தானாகவே திரும்பி உட்கார்ந்துவிடும். எழுதிய கோட்டை விட்டுவிட்டு, மற்ற இடத்தைச் செதுக்கி எடுக்க வேண்டியதுதான்.

செதுக்கிய அச்சைப் பேடில் போட்டு அமுக்காதீர்கள். அச்சை மல்லாக்க வைத்து, பேடால் அதன்மேல் மெதுவாகத் தட்டினால் மை சீராக ஏறும். அட்டைக்குக் கீழே பழைய வார இதழ் ஒன்றை வைத்தால் மெத்தை மாதிரி கொடுத்து, அச்சு முழுசாக விழும். (இதழ் வாங்கும் பழக்கம் போய்விட்டதென்றால் இரண்டு நாள் செய்தித்தாள்!) நேராக வைத்து, நேராக எடுங்கள். ஆட்டினால் ஓரத்தில் மை ஒட்டும். வெண்டைக்காய், உருளைக்கிழங்கு என்றால் வெட்டியதும் துணியால் ஒற்றி ஈரத்தை எடுத்துவிடுங்கள். வாழை மட்டையைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். ஏணி மாதிரி அறை அறையாக விழும் அச்சை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

ஒன்று இரண்டு கோணலாகத்தான் போகும். மை ஈஷிவிட்டால் துடைக்கப் போக வேண்டாம்; இன்னும் பெரிதாகும். காயவிட்டு, அதன் மேலேயே ஒரு துண்டுப் பட்டை ஒட்டிவிடலாம்.

அந்தப் பட்டுக்கு எங்கே போவது? தறியில் மிஞ்சும் ஜரிகையை யாரும் சும்மா கொடுக்க மாட்டார்கள். அசல் ஜரிகையில் வெள்ளி இருக்கிறது. எடை போட்டு வாங்கிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். பிளவுஸ் தைக்கும் கடையில் கேட்டால் கத்தரித்த துண்டுகள் கிடைக்கும். பட்டுத் துண்டின் பின்னால் கோந்தை மெலிதாகத் தடவுங்கள். தாராளமாகத் தடவினால் கறை முன்பக்கம் தெரியும்.

இதற்கெல்லாம் 150 ரூபாய்க்குள் முடித்துவிடலாம். ஆனால், யூடியூபில் இரண்டு வீடியோ பார்த்ததும் கை துறுதுறுக்கும். வெட்டும் மெஷின், மினுக்குப் பொடி, 48 கலர் மைப் பெட்டி என்று கார்ட்டில் சேர்ந்துகொண்டே போகும். பொழுதுபோக்கு ஷாப்பிங்காக மாறுவது அங்கேதான். முதல் பத்து அட்டையை ஒரு அழிரப்பர், ஒரு பேடு, ஒரு கட்டர் வைத்துச் செய்து முடித்த பிறகு, எது உண்மையில் தேவை என்பது தெரிந்துவிடும்.

இதுக்கு என்ன பேரு பாட்டி?

அழிரப்பரைக் கையில் எடுத்ததும் இன்னொன்றும் நடக்கும். கரையைப் பார்த்து வரைய வேண்டும் என்பதற்காகப் பீரோவிலிருந்து கல்யாணப் புடவை வெளியே வரும். பார்த்தால் பூவா, கண்ணா, கொடியா என்று நமக்குத் தெரியாது. கேட்டால்தான் குயில்கண், கொடிவிசிறி, கோபுரம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் வரும். கூடவே அதை எந்தக் கடையில், யார் கல்யாணத்துக்கு எடுத்தது, அன்றைக்கு யார் யாரோடு பேசவில்லை என்பது வரைக்கும் கதையும் வரும்.

இந்தப் பெயர்களைச் சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். காஞ்சிப் பட்டுக்கு 2005-ஐ ஒட்டிப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனால், நெசவுக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு கம்பெனி பஸ் ஏறிவிட்டார்கள். மாதம் பிறந்தால் சம்பளம் வருகிற வேலையை விட்டுவிட்டுக் குழித்தறியில் இறங்கு என்று அவர்களிடம் யாரும் சொல்ல முடியாது. டிசைனும் இப்போது கம்ப்யூட்டரில் வரையப்படுகிறது. எலெக்ட்ரானிக் ஜக்கார்டில் துளை போட்ட அட்டையே கிடையாது. வேலை சுலபமாகியிருக்கிறது, நல்லதுதான். ஆனால், கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலுக்கு எண்ணைப் பெயராக வைத்தாலே வேலை நடந்துவிடும். மயில்கண் என்று வாயால் சொல்லியே ஆக வேண்டிய அவசியம் அங்கே இல்லை.

ஒரு வாழ்த்து அட்டை இதையெல்லாம் காப்பாற்றிவிடும் என்று சொன்னால் மிகை. அட்டையின் பின்பக்கம், கீழ் மூலையில் பொடி எழுத்தில் 'தாழம்பூ ரேக்கு, பாட்டியின் 1974 கல்யாணப் புடவையிலிருந்து' என்பது மாதிரி ஒரு வரி எழுதலாம். பெறுகிறவர் வீட்டிலும் யாராவது பீரோவைத் திறப்பார்கள்.

20 கிராமுக்குள் ஒரு கணக்கு

செய்த அட்டையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கா இவ்வளவு பாடு? தபாலில் போடுங்கள். உள்நாட்டுக் கடிதத்துக்கு 20 கிராம் வரை 5 ரூபாய் ஸ்டாம்ப். 250 ஜி.எஸ்.எம். தாளில் செய்த அரை ஏ4 அட்டை சுமார் 8 கிராம். உறை ஒரு 4 கிராம் வைத்துக்கொண்டாலும் இன்னும் 8 கிராம் மிச்சம். பட்டுத் துண்டு, பூவிதழ் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். மணி, கல், பொத்தான் வேண்டாம். உறை புடைத்துக்கொண்டு வழியில் கிழியும். முகவரியை ஸ்டாம்ப் பேடு மையால் அலங்கரிக்காமல் பால் பாயின்ட் பேனாவில் எழுதுங்கள். தபால்காரர் பை நனையும் காலம் வந்தால் ஊதா ஆறாக ஓடிவிடும்.

தபால்தலைச் சேகரிப்பாளர்களிடம் கேட்டால் இன்னொரு யோசனை கிடைக்கும். 2009-ல் அஞ்சல்துறை பாரம்பரியத் துணிகளுக்காக நான்கு தபால்தலைகள் வெளியிட்டது. கலம்காரி, பனாரஸ், அபதானி நெசவு ஆகியவற்றோடு காஞ்சிபுரம் பட்டும் அதில் உண்டு. அது கையில் கிடைத்தால், உறைக்கு மேலும் காஞ்சிப் பட்டு, உள்ளேயும் காஞ்சிப் பட்டு.

பொங்கலுக்கு அனுப்புவதென்றால் ஜனவரி முதல் வாரத்திலேயே பெட்டியில் போட்டுவிடுங்கள். செதுக்குவதற்கு மார்கழி முழுக்க இருக்கிறது. கோலத்துக்காக எப்படியும் சீக்கிரம் எழுந்துவிடுகிறோம். மை காய்வதற்குக் காலை வெயில் போதும். பின்கோடு மறக்காமல் எழுதுங்கள். ஏனாத்தூர் விடுதித் தோழிக்கு என்றால் 631561.